குழந்தைக்கு நெகட்டிவ் வந்துவிட்டால் மாத்திரையை விடலாமா?

கேள்வி: தாராவியில் வசிக்கிறேன். கர்ப்பமாக இருந்தபோது எச்ஐவி இருப்பது தெரிந்து மாத்திரை ஆரம்பித்தேன். பிரசவத்துக்குத் திருநெல்வேலியில் அம்மா வீட்டுக்குப் போய், மூன்று மாதக் குழந்தையோடு திரும்பியிருக்கிறேன். 6 வாரத்தில் பார்த்த பரிசோதனையில் குழந்தைக்கு நெகட்டிவ். கொண்டுவந்த மாத்திரை தீர்ந்து 18 நாள் ஆகிறது. தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன். கணவருக்குத் தெரியும், மாமியாருக்குத் தெரியாது. ஒரே அறை வீடு. இனியும் மாத்திரை வேண்டுமா?

பதில்: வேண்டும் அம்மா. நாளைக் காலையிலேயே சயான் மருத்துவமனையில் எச்ஐவிக்குச் சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போங்கள், குழந்தையையும் தூக்கிக்கொண்டு. ஊரில் கொடுத்த சிகிச்சைப் புத்தகம் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். மாற்றல் கடிதம் இல்லையே என்று தயங்கி நிற்க வேண்டாம், அதை அவர்கள் பிறகு கேட்டு வாங்கிக்கொள்வார்கள். மாத்திரை இலவசம்தான்.

6 வாரப் பரிசோதனை, வயிற்றில் இருந்தபோதும் பிரசவத்தின்போதும் தொற்றவில்லை என்று சொல்கிறது. இனிமேல் குடிக்கப்போகும் பாலுக்கு அது பொறுப்பேற்காது. மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களிலேயே ரத்தத்தில் கிருமி மறுபடி பெருகும், பாலிலும் வரும். நீங்கள் விழுங்கும் மாத்திரைதான் பிள்ளைக்கும் காவல். அதனால்தான் 6, 12, 18 மாதங்களிலும் குழந்தையைப் பரிசோதிக்கிறோம்.

பயந்துபோய் நீங்களாக டப்பா பாலைக் கலந்து கொடுக்க ஆரம்பிக்காதீர்கள். 18 நாள் விட்டுப்போனதை மறைக்காமல் சொல்லுங்கள். குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்கும் நெவிரபின் சொட்டு மருந்து மறுபடி வேண்டுமா, பால் எப்படிக் கொடுப்பது என்று பார்த்துச் சொல்வார்கள். உங்களுக்கு வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் கிருமி எவ்வளவு இருக்கிறது என்பதை, எப்போது பார்ப்பது என்பதையும் கேட்டு வாருங்கள்.

கர்ப்பத்தின்போது ஆளாளுக்கு "மாத்திரை போட்டாயா?" என்று கேட்பார்கள். பிள்ளை பிறந்ததும் எல்லார் கண்ணும் தொட்டில் மேல். தாயை யாரும் கேட்பதில்லை. இந்த மாதங்களில்தான் நிறையப் பெண்கள் சிகிச்சையை விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதுதான் பெரிய கவலை.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளை பெற்றவள் மாத்திரை சாப்பிடுவதை யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளோடு இதுவும் ஒன்றாக இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் மூன்றையும் வெறும் வயிற்றில் சேர்த்து விழுங்காதீர்கள். உங்கள் எச்ஐவி மாத்திரையில் டொலுடெக்ராவிர் என்ற மருந்து இருந்தால், கால்சியமும் இரும்பும் அதை உடம்பில் சேரவிடாது. சாப்பாட்டோடு என்றால் சேர்த்துப் போடலாம். இல்லையென்றால் எச்ஐவி மாத்திரையை 2 மணி நேரம் முன்னால் போட்டுவிடுங்கள். புட்டியின் லேபிளை வேண்டுமானால் கிழித்துவிடுங்கள், மாத்திரையை மட்டும் வேறு டப்பாவுக்கு மாற்றாதீர்கள். ஈரம் பட்டால் கெட்டுப்போகும், மும்பை மழைக்காலம் உங்களுக்குத் தெரியாததா!

உங்கள் சம்மதம் இல்லாமல் மையத்தில் யாரும் வீட்டாரிடம் சொல்லக்கூடாது. 2017ஆம் ஆண்டின் எச்ஐவி சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கணவரையும் கூட்டிப் போங்கள். அவருக்கு இன்னும் பரிசோதனை ஆகவில்லை என்றால் அதையும் நாளைக்கே முடித்துவிடலாம். வழியில் ஏதாவது சந்தேகம் வந்தால் எச்ஐவி உதவி எண்ணான 1097க்குக் கூப்பிடுங்கள், கட்டணம் கிடையாது.