கோயில் நோட்டீஸை இன்டர்வியூவுக்குக் கொண்டுபோகலாமா?

கேள்வி இதுதான்: "திருகோணமலையில் ஓர் அச்சகத்தில் இரண்டு வருடமாக டிசைன் செய்கிறேன். கையில் இருப்பதெல்லாம் கோயில் நோட்டீஸ், கல்யாணக் கார்ட், மரண அறிவித்தல். கொழும்பில் மூன்று இன்டர்வியூவுக்குப் போய்ச் சும்மா திரும்பிவிட்டேன். இந்தத் துறையில் உண்மையில் என்ன பார்க்கிறார்கள்?"

தம்பி, நோட்டீஸைக் கொண்டுபோங்கள். அதைத்தான் முதலில் காட்டுங்கள்.

நானும் திருமலைதான். பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு சின்ன அச்சகத்தில் மூன்று வருடம் இருந்தேன். முதல் இன்டர்வியூவுக்கு அப்பாவோடு இரவு ரயிலில் போனேன். விடியக் கொழும்புக் கோட்டையில் இறங்கி, ஸ்டேஷனிலேயே முகம் கழுவி, உடுப்பு மாற்றிக்கொண்டு பஸ் ஏறினோம். அப்பா எதிர்ப்பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் இருந்துவிட்டார். என் பைலில் அச்சகத்தில் செய்த ஒன்றுகூட இல்லை. காட்ட வெட்கமாக இருந்தது. இணையத்தில் பார்த்ததைப் பார்த்து, இல்லாத ஒரு கோப்பிக் கடைக்கு லோகோ, இல்லாத ஒரு சென்ட்டுக்குப் பெட்டி என்று பன்னிரண்டு பக்கம் செய்து வைத்திருந்தேன். பார்த்தவர் ஒரு பக்கத்தில் நிறுத்தி, "இதை யார் கேட்டது?" என்றார். ஒருவரும் கேட்கவில்லை, நானே செய்தது என்றேன். "அப்படியென்றால் இது சரியா பிழையா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. நான் வெளியே வந்தபோது அப்பாவின் தேத்தண்ணி இன்னும் ஆறியிருக்கவில்லை.

மற்ற வேலைகளில் சான்றிதழ் பேசும். நம் வேலையில் நாம் செய்ததை மேசையில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒருவர் பேசாமல் பக்கத்தைத் தட்டிக்கொண்டே போனால் நம்மையே தள்ளிவிடுவதுபோல இருக்கும். மூன்று முறை அப்படி வந்தால் மனம் எவ்வளவு உடையும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் அந்த நேரத்தில் தேடுவது அழகான பக்கத்தை என்பதைவிட, ஏதாவது ஒரு முடிவை நீங்கள் காரணத்தோடு எடுத்த இடத்தை என்றுதான் சொல்வேன். இப்போது உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விருந்தினர் விடுதிகளுக்கு டிசைன் செய்கிறேன். சீசனுக்கு முன்னர் உதவிக்கு ஆள் எடுக்கும்போது நானும் அதைத்தான் தேடுகிறேன்.

சரி, நோட்டீஸுக்கு வருவோம். நான்காவது இன்டர்வியூவுக்கு எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழா நோட்டீஸைக் கொண்டுபோனேன். பத்து நாள். முதல் நாள் கொடியேற்றம், ஒன்பதாம் நாள் தேர், பத்தாம் நாள் தீர்த்தம். ஒவ்வொரு நாளுக்கும் உபயகாரர்கள். சிலருடைய பெயர் ஒரு வரி, வெளிநாட்டிலிருந்து உபயம் செய்யும் குடும்பத்துக்கு நான்கு வரி. ஒருவருடைய எழுத்து மற்றவருடையதைவிட ஒரு புள்ளி பெரிதாக இருந்தால் அடுத்த நாள் காலையில் அச்சகத்து வாசலில் சண்டை நிற்கும். எங்கள் முதலாளி ஐயா சொல்வார்: "பிள்ளை, முதலில் ஆக நீளமான பெயரை எடு. அது எந்த அளவில் அடங்குதோ அதுதான் எல்லாருக்கும் அளவு." அப்படியே செய்தேன். பிறகு திகதியையும் நாளையும் இடப்பக்கம் தனி நிரலில் தடிப்பாக வைத்தேன். ஏனென்றால் இந்த நோட்டீஸை ஒருவரும் கையில் வைத்து வாசிப்பதில்லை. கலண்டர் ஆணியில் தொங்கவிட்டு, அம்மம்மா நான்கடி தள்ளி நின்று "தேர் எப்ப?" என்று பார்ப்பார்.

அன்று பார்த்த மெடத்துக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நோட்டீஸைத் தன் பக்கம் திருப்பி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒன்பதாம் நாளில் விரலை வைத்து, "இதுதானே பெரிய நாள்?" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பிறகு அரை மணித்தியாலம் அந்த ஒரு தாளைப் பற்றியே கதைத்தோம். பென்சிலில் கீறிய முதல் மூன்று பிரதிகளையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். அந்த வேலை கிடைத்தது.

ஆகவே கீறியதை எறியாதீர்கள். திருத்தம் எழுதிய புரூப் (அச்சடிக்க முன் சரிபார்க்க எடுக்கும் பிரதி), வாடிக்கையாளர் பேனையால் சுற்றி வைத்த இடம், எல்லாம் உங்கள் சாட்சி. பத்து வேலைக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் யார் கேட்டது, எது இடைஞ்சலாக இருந்தது, என்ன செய்தேன் என்று மூன்று வசனம் சொல்லப் பழகுங்கள். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அந்த மூன்று வசனம் வாயில் வந்தால் போதும், மிச்சத்தைத் தாள் பார்த்துக்கொள்ளும்.

இனி வலித்த ஒன்று. இடையில் ஒரு நிறுவனம் "டெஸ்ட்" என்று இரண்டு நாளில் மூன்று போஸ்டரும் ஒரு தமிழ் வாசகமும் கேட்டது. நித்திரையில்லாமல் செய்து, யாரும் மாற்றக்கூடிய திறந்த பைலாகவே அனுப்பினேன். பதில் இல்லை. சில மாதம் கழித்து நம்முடைய பஸ் நிலையத்திலேயே ஒரு பனரில் என் வாசகம், ஒரு சொல் மட்டும் மாறித் தொங்கியது. அதன் கீழே நின்றபடியே வீட்டுக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டேன். இன்றைக்கும் அந்த இடத்தைக் கடக்கும்போது கோபம் வரும். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நீங்கள் வரைந்து முடித்த படைப்பைப் பாதுகாக்கிறது, அதற்குப் பதிவுகூடத் தேவையில்லை. ஆனால் வெறும் யோசனைக்கு அதில் பாதுகாப்பு இல்லை. அதனால் டெஸ்ட் கேட்டால், இது உண்மையான வாடிக்கையாளருக்கா, எத்தனை மணித்தியால வேலை, பணம் உண்டா என்று மரியாதையாகக் கேளுங்கள். அனுப்புவதானால் பெயரும் திகதியும் போட்ட சிறிய பிடிஎஃப் மட்டும் போதும். திறந்த பைலைக் கேட்டால் வேலை உறுதியான பிறகு தருவதாகச் சொல்லுங்கள். நேர்மையான இடம் இதற்காக உங்களை வேண்டாம் என்று சொல்லாது.

இன்னொன்று, நமக்கு மட்டுமே உள்ள பலம். இலங்கையில் மூன்று மொழியில் வேலை போகிறது, தமிழ்தான் அடிக்கடி உடைகிறது. போனிலும் இணையத்திலும் எழுதும் யூனிகோட் தமிழை இல்லஸ்ட்ரேட்டர் என்ற டிசைன் மென்பொருளில் அப்படியே ஒட்டினால் பல நேரம் "கொ" என்பதன் கொம்பு முன்னால் வராமல் சிதறி நிற்கும். அதனால்தான் நம் அச்சகங்கள் பல இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவை விடவில்லை. ஓர் இன்டர்வியூவில் சுவரில் மாட்டியிருந்த போஸ்டரில் இப்படி உடைந்த எழுத்தைக் கண்டு, "இது பிழை" என்று நேரே சொல்லிவிட்டேன். அங்கிருந்தவரின் முகம் மாறியது, வேலையும் கிடைக்கவில்லை. சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை, சொன்ன விதத்தில்தான். பிழையோடு அதன் மருந்தையும் சொல்லியிருக்க வேண்டும்: பிரெபரன்ஸில் டைப் பகுதிக்குப் போய் இந்திய மொழித் தெரிவை இயக்கி, பந்தி மெனுவில் எழுத்தைக் கோக்கும் தெற்காசியக் கம்போசரைத் தெரிவு செய்தால் எழுத்து ஒழுங்காக நிற்கும். இதை லப்டொப்பில் செய்து காட்டுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது.

உங்கள் மூன்று தோல்வியில் எது எதனால் என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. சில நேரம் ஆளை முன்னரே எடுத்து வைத்துவிட்டுத்தான் கூப்பிடுவார்கள், அதற்கு நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் நான்காவதுக்குப் போகுமுன் ஒரு நோட்டீஸையும் அதன் முதல் புரூப்பையும் பெயர், தொலைபேசி இலக்கங்களை மறைத்து இங்கே போடுங்கள். தேர் எந்த நாள் என்று நான்கடி தள்ளி நின்று பார்த்துச் சொல்கிறேன்.