மெரினாவில் நின்று பாய்மரப் படகுப் போட்டியைப் பார்த்தால் யார் முந்துகிறார்கள் என்றே தெரியவில்லையே, எதைக் கவனிக்க வேண்டும்?

உங்கள் கண்ணில் கோளாறு எதுவும் இல்லை. கரையில் நின்று பார்க்கிற யாருக்கும் அது தெரியாது. வார இறுதிகளில் போட்டி நடத்தும் கமிட்டிப் படகில் கொடி ஏற்றி இறக்குகிற வேலை எனக்கு. பக்கத்திலேயே இருக்கும் எங்களுக்கே, படகுகள் சுற்றிப் போக வேண்டிய முதல் மிதவை வரும்வரை யார் முதல் என்று அடித்துச் சொல்ல முடியாது.

முதல் மிதவையைக் காற்று வரும் திசையில்தான் போடுவோம். எதிர்காற்றில் பாய்மரப் படகு நேராக ஏறாது, ஏறத்தாழ 45 டிகிரி சாய்வில்தான் ஏறும். அதனால் இந்தப் பக்கம் கொஞ்ச தூரம், திரும்பி அந்தப் பக்கம் கொஞ்ச தூரம் என்று வெட்டி வெட்டிப் போவார்கள். அந்தத் திருப்பத்துக்குத்தான் டேக் என்று பெயர். ஒரு படகு கரையோரமாகவும் இன்னொன்று ஆழக்கடல் பக்கமும் போய்க்கொண்டிருக்கும்போது யார் முன்னே என்று கேட்டால், அந்த நிமிடத்துக் காற்று எந்தத் திசையோ அதை வைத்துத்தான் பதில். காற்று பத்து டிகிரி திரும்பினால் பின்னால் இருந்தவர் முன்னால் வந்துவிடுவார், படகு ஒரு முழம்கூடக் கூடுதலாக நகராமலே.

ஆகவே படகுகளை விட்டுவிட்டு முதலில் காற்றைப் பாருங்கள். கோடையில் மதியவாக்கில் கடற்காற்று உள்ளே வரும். வரும்போது கிழக்கும் தென்கிழக்குமாக இருக்கும், பொழுது சாயச் சாயத் தெற்கே நகரும். பூமியின் சுழற்சியால் வட அரைக்கோளத்தில் கடற்காற்று இப்படி வலப்புறமாகத் திரும்புவது வழக்கம். தென்கிழக்கைப் பார்த்து நின்றால் நமக்கு வலப்பக்கம் கரைதான். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் பிற்பகல் ரேஸில் கூட்டத்தை விட்டுக் கரைப்பக்கமாக ஒதுங்குவார்கள். காற்று தெற்கே நகர்ந்ததும் டேக் அடித்தால் மிதவைக்கு நேர் வழி கிடைக்கும். அது நகராமல் போனால் மாட்டிக்கொண்டார்கள், ஆழக்கடல் பக்கம் போனவர் சிரித்துக்கொண்டே முன்னால் போவார்.

ஜூன், ஜூலை வேறு கதை. காலையில் மேற்கிலிருந்து மேல்காற்று அனலாக அடிக்கும். அது ஓய்ந்து கடற்காற்று நுழைவதற்குள் சில நாள் மணி மூன்றாகிவிடும். நடுவில் காற்றே இருக்காது, பாய்கள் துவண்டு தொங்கும். சிவப்பும் வெள்ளையுமான பட்டைக் கொடியை ஏற்றி ஒத்திவைத்துவிட்டு வெயிலில் மோர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஆப்டிமிஸ்ட் பிள்ளைகள் (15 வயதுக்கு உட்பட்டவர்கள், 2.3 மீட்டர் நீளத் தொட்டி மாதிரிப் படகு) பாதியாக அறுத்த பிளாஸ்டிக் கேனால் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் அடித்து விளையாடும். படகுக்குள் வரும் தண்ணீரை இறைக்க வைத்திருக்கும் கேன் அது. தூரத்தில் நீர்ப்பரப்பில் ஓரிடம் சிலிர்த்துக் கறுத்து வரும். அதுதான் காற்று. பிள்ளைகள் எங்களுக்கு முன்பே அதைப் பார்த்துவிடும்.

அடுத்து ஸ்டார்ட். என்னைக் கேட்டால் ரேஸின் பாதி அதிலேயே முடிந்துவிடுகிறது. கமிட்டிப் படகுக்கும் ஒரு மிதவைக்கும் இடையே கற்பனைக் கோடு. ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு கொடி, நான்கில் ஒன்று, ஒரு நிமிடத்தில் ஒன்று இறங்கும், பிறகு ஸ்டார்ட். சிக்னலில் பச்சைக்குக் காத்திருக்கும் பைக்குகளை நினைத்துக்கொள்ளுங்கள், ஒரு பைக்கிலும் பிரேக் இல்லை. பாயைத் தளர்த்திப் படபடக்க விட்டு, ஓரங்குலம் முன்னே போகாமல், பக்கத்துப் படகுக்கு இடமும் கொடுக்காமல் நிற்க வேண்டும். கடைசிச் சில வினாடிகளில் கயிற்றை இழுத்தால் எல்லாப் பாய்களும் ஒரே நேரத்தில் விறைக்கும். அப்போது சத்தம் சட்டென்று அடங்கும். முந்திக் கோட்டைத் தாண்டியவர் திரும்பி வந்து மறுபடி தொடங்க வேண்டும். அதோடு அவர் ரேஸ் அநேகமாகக் காலி.

விதிகளில் ஒன்று தெரிந்தால் போதும். வலப்பக்கத்திலிருந்து காற்று வாங்கும் படகுக்கே முன்னுரிமை. அப்படி வருபவர் "ஸ்டார்போர்ட்!" (வலப்பக்கம்) என்று கத்தினால் மற்றவர் விலகியாக வேண்டும். விலகாமல் தப்பு செய்தவர் தானாகவே இரண்டு முழு வட்டம் அடித்துவிட்டுத் தொடர்வார். நடுக்கடலில் ஒரு படகு காரணமில்லாமல் சுற்றுவதைப் பார்த்தால் விஷயம் இதுதான்.

ஒரு போட்டியில் பல ரேஸ்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் முதல் இடத்துக்கு ஒரு புள்ளி, இரண்டாம் இடத்துக்கு இரண்டு. குறைந்த கூட்டுத்தொகை ஜெயிக்கும், மோசமான ஒரு ரேஸைக் கழித்துக்கொள்ளலாம். ஒரு ரேஸில் யார் முதல் என்பதைவிடப் பத்து ரேஸிலும் யார் சொதப்பவில்லை என்பதே பெரிது. 2023இல் சீனாவில் நடந்த ஆசிய விளையாட்டில் நம் வேலூர்க்காரர் விஷ்ணு சரவணன் 34 புள்ளியோடு வெண்கலம் வாங்கினார். வெள்ளி வாங்கிய தென்கொரிய வீரருக்கு 33. எங்கோ ஒரு ரேஸில் ஓரிடம் முன்னால் வந்திருந்தால் சமன். அதே போட்டியில் பெண்கள் பிரிவில் சென்னையின் நேத்ரா குமணன் நான்காவதாக வந்தார். 2021இல் டோக்கியோவுக்குப் போனபோது ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்தான்.

பார்வையாளருக்கு இங்கே வசதி இல்லை என்பது உண்மைதான். 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் உட்படக் கிளப்புகள் எல்லாம் துறைமுக வேலிக்குள் இருக்கின்றன, பாஸ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். மணலில் நின்று பார்ப்பதாக இருந்தால் நல்ல பைனாகுலரோடு பிற்பகலில் வாருங்கள். எல்லாப் படகும் முதல் மிதவையில் ஒன்றுகூடும் அந்த ஒரு நிமிடத்தில் வரிசை தெளிவாகத் தெரியும்.

இல்லை, கரையிலிருந்தே முழுசாக ரசிக்க வேண்டும் என்றால் ராமநாதபுரம் மாவட்டம் தொண்டி, நம்புதாளைப் பக்கம் கோயில் திருவிழாவையொட்டி மீனவர்கள் நடத்தும் பாய்மரப் படகுப் போட்டிக்குப் போங்கள். படகின் குறுக்கே நீட்டிய பலகையில் ஆட்கள் காற்று வரும் பக்கம் ஏறி உட்கார்ந்து, உடம்பின் கனத்தாலேயே படகு கவிழாமல் பிடிப்பார்கள். ஒலிம்பிக்கில் செய்வதும் இதைத்தான். அங்கே பாஸ் கேட்க ஆளில்லை, யார் முந்துகிறார் என்று பக்கத்தில் நிற்பவரே சத்தம் போட்டுச் சொல்லிவிடுவார்.