மாத்திரை வேண்டாம் என்றால் நோய் இல்லை என்று பொருளா?

கேள்வி: எனக்கு வயது 34. சென்ற ஆண்டு இரத்த தானம் செய்தபோது ஹெபடைட்டிஸ் பி கிருமி இருப்பது தெரியவந்தது. எட்டு மாதம் கழித்தும் பாசிட்டிவ்தான். கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. இரத்தப் பரிசோதனை இயல்பு, இரத்தத்தில் கிருமியின் அளவைக் காட்டும் வைரஸ் டி.என்.ஏ. 600, கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனிலும் கோளாறு இல்லை. மாத்திரை வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்கிறார் மருத்துவர். வீட்டிலோ கீழாநெல்லி சாப்பிடச் சொல்கிறார்கள். மனைவி நான்கு மாதக் கர்ப்பிணி. என்ன செய்வது?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: உங்கள் மருத்துவர் சொல்வது சரியே. ஆனால் அவர் சொன்னதில் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, மாத்திரை வேண்டாம் என்பதையே நோயில்லை என்று எடுத்துக்கொண்டு, மறுபரிசோதனைக்கு வராமலே இருந்துவிட்டு, வயிற்றில் நீர் கோத்த பிறகு வருகிறவர்களைப் பார்க்கும்போதுதான் மனம் வேதனைப்படுகிறது.

ஆறு மாதத்துக்கு மேல் இரத்தத்தில் நீடிக்கும் இக்கிருமி, கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் தன் மரபுப்பொருளைப் பதுக்கி வைத்துக்கொள்கிறது. டெனோஃபோவிர், என்டெகாவிர் ஆகிய மாத்திரைகள் கிருமி பெருகுவதைத் தடுக்குமே தவிர, அந்தப் பதுக்கலை அழிப்பதில்லை. எனவே தொடங்கினால் பெரும்பாலோர் பல ஆண்டுகள் விடாமல் சாப்பிட வேண்டியிருக்கும். தாமாகவே நிறுத்தினால் கிருமி மீண்டும் கிளம்பிக் கல்லீரலைக் கடுமையாகத் தாக்கலாம். டி.என்.ஏ. அளவு 2,000-ஐத் தாண்டி எஸ்.ஜி.பி.டி.யும் உயர்ந்திருந்தால் மருந்து தொடங்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல். கல்லீரல் இறுகிச் சுருங்கியிருந்தால் இந்த அளவுகளைப் பார்க்காமலே தொடங்க வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது கல்லீரல் புற்றுநோய் வந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள், முடிவு மாறக்கூடும்.

கீழாநெல்லி மீது நம் மக்களுக்குள்ள நம்பிக்கையை நான் எள்ளவில்லை. 1988இல் சென்னையில் நடந்த ஆய்வொன்று அது இக்கிருமியை நீக்குவதாகக் கூறி உலகின் கவனத்தை ஈர்த்தது. பிற்கால ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை. மருந்து தேவைப்படும் நாளில் அதை நம்பிக் காலம் கடத்தக் கூடாது. மதுவை அறவே விடுங்கள்.

மனைவிக்கு இந்த வாரமே பரிசோதனை செய்யுங்கள். கிருமியோ நோயெதிர்ப்போ இல்லையென்றால் தடுப்பூசி மூன்று தவணை போடலாம், கர்ப்பத்திலும் அது பாதுகாப்பானதே. அவருக்குக் கிருமி இருந்தால், டி.என்.ஏ. அளவைப் பொறுத்துக் கர்ப்ப காலத்திலேயே டெனோஃபோவிர் தேவைப்படலாம். அப்போது குழந்தைக்குத் தடுப்பூசியுடன், ஆயத்த எதிர்ப்புப்பொருளான இம்யூனோகுளோபுலின் ஊசியும் வேண்டும். எப்படியிருந்தாலும் பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு முதல் தடுப்பூசி போடப்பட்டதா என்பதைப் பிரசவ அறையிலேயே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.