அடுக்களை வரைக்கும் போகற ரிட்டர்ன் கிப்ட்

கேள்வி: அக்கா, பொண்ணுக்கு தை மாசம் குன்னூர்ல கல்யாணம். 350 பேர் வருவாங்க, பாதிப்பேர் கோயம்புத்தூர் மதுரை பக்கம். தாம்பூலப் பையோட ஒரு ரிட்டர்ன் கிப்ட் வெக்கணும், தலைக்கு 120 ரூபாய்க்கு மேல முடியாது. பொண்ணு மாப்பிள்ளை போட்டோ போட்ட கப் தரலாம்னு வீட்ல சொல்றாங்க, அத யாரும் வெச்சுக்க மாட்டாங்கன்னு எனக்கு தோணுது. என்ன தரலாம்?
- ஒரு வாசகி, குன்னூர்

பதில்: உங்களுக்கு தோணினதுதான் சரி தங்கச்சி. அடுத்தவங்க போட்டோ போட்ட கப்புல தினமும் யாரு காபி குடிப்பா, தூக்கிப்போடவும் மனசு வராது, அப்படியே பரண் ஏறிடும்.

எங்க பெரியம்மா வீட்ல ஒரு எவர்சில்வர் டம்ளர் இருக்கு, 1981ல சொந்தக்காரங்க கல்யாணத்துல குடுத்தது. விளிம்பு நசுங்கிப்போச்சு, ஆனா இன்னிக்கும் பெரியப்பாவுக்கு காபி அதுலதான். அடியில புள்ளி புள்ளியா பேரும் தேதியும் வெட்டியிருக்கும், கழுவி கவுத்தறப்பதான் கண்ணுல படும், உடனே பெரியம்மா "இந்தப் புள்ளைக்கே பேரன் பொறந்துட்டான் பாரு"ம்பாங்க. அந்த மாதிரி அடுக்களைக்குள்ள போகற பொருளா குடுங்க, பேர அடியில சின்னதா வெட்டுங்க, போதும்.

நான் சொல்றது சின்ன எவர்சில்வர் டப்பாவும் உள்ள நம்ம ஊரு டீத்தூளும். டீ தீர்ந்துடும், டப்பா கடுகுக்கோ சீரகத்துக்கோ அஞ்சறைப்பெட்டி பக்கத்துல உக்காந்துக்கும். மொத்தமா வாங்கினா உங்க பட்ஜெட்டுக்குள்ள வருதான்னு ரெண்டு மூணு பாத்திரக்கடைல கேட்டுப் பாருங்க. ஆர்த்தடாக்ஸ் இலை டீ வாசனைதான், ஆனா கீழ ஊர்ல எல்லாரும் பால் ஊத்தி கொதிக்கவெச்சு குடிக்கறவங்க, அதுக்கு சிடிசிங்கற குருணை மாதிரி இருக்கற தூள்தான் திக்கா இறங்கும், அதனால சிடிசியே போடுங்க. இலை டீதான் வேணும்னா அது பொசபொசன்னு எடத்த அடைக்கும், ஒரு டப்பால போட்டுப் பாத்துட்டு அப்புறம் சைஸ் சொல்லுங்க.

ஒண்ணே ஒண்ணு, டீயோட தைலத்த சேக்காதீங்க! என் தம்பி கல்யாணத்துல ஆசைஆசையா டீ பாக்கெட்டும் யூகலிப்டஸ் தைலமும் ஒரே பையில போட்டோம், நாலஞ்சு பாட்டில் மூடி லூசு, டீ பக்கத்துல இருக்கற வாசனைய எல்லாம் இழுத்துக்குமே, ஒரு வாரம் கழிச்சு சித்தி போன் பண்ணி "டீ குடிச்சா ஆவி புடிக்கற மாதிரி இருக்குடி"ன்னாங்க. மல்லிப்பூவும் அப்படித்தான், டப்பா மூடி இறுக்கமா இருக்கணும்.

பை விஷயத்துலயும் கவனம். 2019 ஜனவரி 1லருந்து தமிழ்நாடு முழுக்க தடை பண்ணின பிளாஸ்டிக் லிஸ்ட்ல, பாக்க துணி மாதிரியே இருக்கற நான்வோவன் பையும் உண்டு, பல பேருக்கு அது தெரியாம ஆர்டர் குடுத்துடறாங்க. நம்ம நீலகிரி மாவட்டத்துல அதுக்கு முன்னாடியே பிளாஸ்டிக் கெடுபிடி. அசல் காட்டன் மஞ்சப்பையா தைக்கக் குடுங்க, ரெண்டு கிலோ காய் புடிக்கற சைஸ்ல, காதுக்கு டபுள் தையல் போட்டு. தேங்காய் கனத்துல காது பிஞ்சா அந்தப் பைய யாரு வெச்சுப்பா.

நம்ம மலையில இருக்கற தோடர் பழங்குடிப் பொம்பளைங்க போடற எம்ப்ராய்டரி எனக்கு உசுரு. வெள்ளைத்துணில கருப்பு சிவப்பு நூல்ல, டிசைன் வரையாம இழை எண்ணியே போடற வேலை, 2013ல புவிசார் குறியீடு வாங்கினது. 350 பேருக்கு இந்த பட்ஜெட்ல நடக்காது, நடக்கும்னு யாராவது சொன்னா அது மெஷின் பிரிண்ட்தான். சம்பந்தி வீட்ல ஒரு அஞ்சாறு பேருக்கு மட்டும் அந்தத் தோடர் பொம்பளைங்ககிட்டயே நாலஞ்சு மாசம் முன்னாடி சொல்லி வாங்குங்க, பேரம் பேசாம.

கேள்வி: கொடைக்கானல்ல தங்கச்சி கல்யாணம். மலைப்பூண்டு குடுக்கலாம்னு சொன்னா எல்லாரும் சிரிக்கறாங்க அக்கா.
- ஒரு வாசகர், பூம்பாறை

பதில்: சிரிக்கட்டும் தம்பி, தாராளமா குடுங்க. 2019ல புவிசார் குறியீடு கெடச்ச பூண்டு அது, புகை போட்டு காயவெச்சது மாசக்கணக்குல கெடாது. தாள விட்டு சடையா பின்னி குடுத்தா அடுக்களைல ஆணியில தொங்கிட்டே இருக்கும். வெத்தல பாக்கு மஞ்சளோட மட்டும் சேத்து வெக்காதீங்க, பெரியவங்க சிலருக்கு புடிக்காது. கிளம்பறப்போ வாசல்ல தனியா கையில குடுங்க.