அம்மா காலையில் தடுமாறுகிறார்: தூக்கக் குறைவா, தூக்க மாத்திரையா?

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. உசிலம்பட்டி பக்கம் எங்கள் ஊர். பல வருஷமாக ராத்திரி 2 மணிக்கே எழுந்து மல்லிகைப் பூ பறிக்கப் போனவர். இப்போது வீட்டில்தான் இருக்கிறார். ஏழரைக்கே படுத்துவிடுவார், 2 மணிக்கு முழித்தால் அப்புறம் தூக்கம் வரவில்லை என்று புலம்புவார். மதியம் இரண்டு மணி நேரம் கண்ணயர்வார். ஆறு மாதமாக மெடிக்கலில் கேட்டு வாங்கிய அல்பிரசோலம் 0.5 என்ற தூக்க மாத்திரை போடுகிறார். பிரஷருக்கு நீர் மாத்திரையும் இரவில்தான். இப்போதெல்லாம் காலையில் பாத்ரூம் போகும்போது தடுமாறுகிறார். ஒரு தடவை விழுந்தும்விட்டார். அடுப்பை அணைக்க மறக்கிறார். தூக்கம் குறைந்ததால் வந்ததா, மறதி நோயா?

பதில்: முதலில் ஒரு கூட்டல் கணக்கு. ஏழரையிலிருந்து 2 மணி வரை ஆறரை மணி நேரம், மதியம் இரண்டு, மொத்தம் எட்டரை. 65 வயதுக்கு மேல் 7 முதல் 8 மணி நேரமே போதும். அம்மாவுக்குத் தூக்கம் குறையவில்லை, நேரம் மாறிக் கிடக்கிறது. வயதாக ஆக உடலின் கடிகாரம் முன்னால் நகர்வது இயல்புதான். சீக்கிரம் தூக்கம் சொக்கும், சீக்கிரம் முழிப்பு வரும். பூக்காட்டுப் பழக்கமும் அதோடு சேர்ந்துகொண்டது. இதற்கு மாத்திரையே தேவைப்பட்டிருக்காது.

அந்த மாத்திரை மேல்தான் எனக்கு முதல் சந்தேகம். வயதானவர்களின் ரத்தத்தில் அல்பிரசோலத்தின் அளவு பாதியாகக் குறையவே ஏறக்குறைய 16 மணி நேரம் ஆகும். இரவு ஏழரைக்குப் போட்டால் மறுநாள் பதினொன்றரை மணிக்கும் பாதி உள்ளேயே இருக்கிறது. அது முழுசாக வெளியேறும் முன் அடுத்த மாத்திரை. இந்த வகை மாத்திரைகளை முதியவர்களுக்குக் கூடுமானவரை தவிர்க்கச் சொல்வதே விழுந்து இடுப்பெலும்பு முறிவதாலும், புத்தி மந்தமாவதாலும்தான். ஆனால் தயவுசெய்து இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். ஆறு மாதம் போட்டதைச் சட்டென்று விட்டால் படபடப்பு, சுத்தமாகத் தூக்கமின்மை, சிலருக்கு வலிப்புகூட வரும். மருத்துவர் சொல்லும் அளவில் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

சரி, உண்மையிலேயே தூக்கம் கெட்டாலும் தடுமாற்றம் வருமா? வரும். நாம் நேராக நிற்பதற்குக் கண், உள்காது, பாதத்தின் உணர்வு மூன்றும் அனுப்பும் தகவலை மூளை நொடிக்கு நொடி சேர்த்துப் பார்க்க வேண்டும். தூக்கம் கெட்ட மூளைக்கு இந்த வேலை மெதுவாகிவிடும். நிலைப்படியில் கால் இடறினால், அடுத்த காலை எட்டிவைத்துச் சமாளிப்பதற்குள் ஆள் சாய்ந்துவிடுவார். ராத்திரி இருட்டில் கண்ணின் உதவியும் கிடைக்காது. அடுப்பு மறப்பதும் இதற்குப் பக்கத்து விஷயம்தான். கவனம் சிதறியிருந்தால், அடுப்பைப் பற்றவைத்ததே மனதில் பதிந்திருக்காது. பதியாததை எப்படி நினைவுக்குக் கொண்டுவருவது? நடக்கும்போது பேச்சுக் கொடுத்தால் அம்மா நின்றுவிடுகிறாரா என்று கவனியுங்கள். நடையும் பேச்சும் ஒரே கவனத்துக்குப் போட்டி போடுகின்றன என்பதற்கு அது அடையாளம்.

வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். ஒருவர் கூடவே நடக்க வேண்டும். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து இருக்கிறது. இதைக் காலை 6 மணிக்கும் மாலை 5 மணிக்கும் செய்து குறித்து வையுங்கள். காலையில் மட்டும் மோசமாக இருந்தால் மாத்திரை மேல் சந்தேகம் வலுக்கும்.

நீர் மாத்திரையைக் காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் மாற்றிவிடுவார்கள், ராத்திரி எழுந்து போவது குறையலாம். படுத்திருக்கும்போதும், எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள்ளும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 இறங்கினால் தடுமாற்றத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம். நீர் மாத்திரையால் சிலருக்கு உப்புச் சத்து இறங்கும், அதுவும் குழப்பத்தைத் தரும். சோடியம், சர்க்கரை, தைராய்டு, பி12 ரத்தப் பரிசோதனை போதும். எடுத்த எடுப்பில் ஸ்கேன் வேண்டாம், விழுந்தபோது தலையில் அடிபடாமல் இருந்தால். கண்புரை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கண் சிகிச்சைக்குப் பேர்போன மதுரைப் பக்கம் இருந்துகொண்டு கண்ணைப் பார்க்காமல் விடுவது நியாயமில்லை. பலத்த குறட்டையும் இடையில் மூச்சு நிற்பதும் உண்டென்றால் அதையும் சொல்லுங்கள்.

தூக்க நேரத்தைத் தள்ளுவதற்கு வருவோம். காலை வெயிலில் நில்லுங்கள் என்று எல்லோருக்கும் சொல்வோம். உங்கள் அம்மாவுக்கு அது இப்போது பொருந்தாது, கடிகாரம் இன்னும் முன்னால் போய்விடும். அவருக்கு மாலை வெளிச்சம்தான் வேண்டும். ஐந்து மணியிலிருந்து இருட்டும் வரை வாசலிலோ தெருவிலோ இருக்கட்டும். மதியத் தூக்கம் அரை மணி நேரம், அதுவும் 3 மணிக்குள். படுக்கும் நேரத்தைச் சில நாளுக்கொரு தடவை கால் மணி நேரம் தள்ளித் தள்ளி ஒன்பதரைக்குக் கொண்டுவாருங்கள். அதுவரை முழித்திருக்க சீரியல் பார்க்கிறார் என்றால் பார்க்கட்டும், நான் தடுக்க மாட்டேன். மதியத்துக்கு மேல் காபி வேண்டாம். பாத்ரூம் வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும், தரை ஈரமில்லாமல் இருக்கட்டும். எழுந்ததும் கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு நடக்கட்டும்.

ஒரு பக்கம் கை கால் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108. ஓரிரு நாளில் திடீரென ஆள் அடையாளம் தெரியாமல் குழம்பினாலும், விழுந்து சில வாரம் கழித்துத் தலைவலியும் மயக்கமும் கூடிக்கொண்டே போனாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

மறதி நோயா என்பதற்கு இப்போது பதில் சொன்னால் தப்பாகப் போகும். மருந்து உடம்பில் இருக்கும்போது எடுக்கும் நினைவாற்றல் பரிசோதனையை நம்ப முடியாது. மாத்திரை முழுசாக நின்று இரண்டு மூன்று மாதம் ஆனபின்னும் அடுப்பும் கணக்கும் மறந்தால், மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலோ உங்களுக்கு வசதியான இடத்திலோ நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளும் கையில் இருக்கட்டும், சளிக்கு மெடிக்கலில் வாங்கியதும் சேர்த்து.