பெயர் தெரியாத மாத்திரையும் 'ஆன்' ஆன ஜீனும்

கேள்வி: வயது 38. குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறேன். நாலு மாதமாக இரண்டு கை விரல் மூட்டுகளும் வீங்குகின்றன. விடியுமுன் கத்தி பிடிக்க வராது. பால் எடுக்கிற நேரத்துக்குத்தான் விரல் மடங்கும். அம்மாவுக்கும் இப்படித் தொடங்கித்தான் விரல்கள் கோணிப்போயின. அழற்சி ஜீன் 'ஆன்' ஆகிவிட்டால் அணைக்க முடியாது, பிள்ளைகளுக்கும் போகும் என்று யூடியூபில் பார்த்தேன். ஜீன் டெஸ்ட் எடுக்கட்டுமா? ஆர்.ஏ. ஃபேக்டர் (முடக்குவாதம் என்கிற மூட்டழற்சிக்கான ரத்தப் பரிசோதனை) லேசாக பாசிட்டிவ், அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர் 28, முடியும் கொட்டுகிறது. சாளை (மத்தி) மீனையும் மரச்சீனியையும் (மரவள்ளிக்கிழங்கு) நிறுத்திவிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா வாங்கித் தந்த சின்ன வெள்ளை மாத்திரையை மூன்று மாதமாக தினமும் போடுகிறேன், நல்ல சுகம். இடையில் தீர்ந்துபோய் இரண்டு நாள் போடவில்லை. வாந்தி, எழுந்தால் கண் இருட்டல். பித்தம் என்று விட்டுவிட்டேன். மறுபடி போட்டதும் சரியானது. அதை விட்டுவிட்டு மஞ்சள்கிழங்குச் சத்து கேப்சூலுக்கு மாறலாமா?

பதில்: மாறாதீர்கள். அந்த மாத்திரையை நீங்களாக ஒரு நாள்கூட நிறுத்த வேண்டாம். கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது.

மூட்டு வீக்கத்தை ஓரிரு நாளில் வற்ற வைக்கும் பெயரில்லாத சின்ன மாத்திரை பெரும்பாலும் ஸ்டீராய்டாகத்தான் இருக்கும். பிரெட்னிசோலோனோ டெக்சாமெத்தசோனோ. சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி அன்றாடம் நமக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்கிறது. வெளியிலிருந்து வாரக்கணக்கில் வந்துகொண்டே இருந்தால் அது வேலையைக் குறைத்துவிடும். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் உடனே எழுந்து வேலை பார்க்காது. ரத்த அழுத்தம் இறங்கும், வாந்தி வரும், கண் இருட்டும். உங்களுக்கு வந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும். இதில் உயிரே போகலாம். மீதி மாத்திரையை எடுத்துக்கொண்டு நாளைக்கே டாக்டரிடம் போங்கள். எந்த வேகத்தில் குறைப்பது என்று அவர் சொல்வார். அதற்குள் காய்ச்சலோ, மாத்திரை வயிற்றில் தங்காத வாந்தியோ, மயக்கமோ வந்தால் அன்று ராத்திரியே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், "மூன்று மாதம் ஸ்டீராய்டு சாப்பிட்டிருக்கிறேன்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அக்காவுக்கு நல்ல மனசு, சரி. மெடிக்கல் ஷாப்பில் அட்டையை வெட்டிக் கொடுத்தவருக்கு என்ன வந்தது?

அப்புறம் அந்த 'ஆன்' ஆன ஜீன். அது உங்களிடம் மட்டுமல்ல, என்னிடமும் உண்டு. பால்வெட்டும்போது கத்தி விரலில் பட்டால் அங்கே அரை மணி நேரத்துக்குள் அது ஆன் ஆகும். ஆகாவிட்டால் புண் ஆறாது, கிருமியும் சாகாது. செல்லுக்குள் என்எஃப்-கப்பா-பி என்றொரு புரதம் இருக்கிறது. ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் 1986-இல் அடையாளம் கண்டது. சும்மா இருக்கும் நேரத்தில் ஐ-கப்பா-பி என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்து வைத்திருக்கும். கிருமியின் துணுக்கோ, டிஎன்எஃப் போன்ற அழற்சிச் சரக்கோ செல்லின் மேல்தோலைத் தொட்டதும், பிடித்து வைத்திருக்கும் புரதத்தில் பாஸ்பேட் ஏறி, செல் அதை உடைத்துத் தள்ளிவிடும். விடுபட்டது நேராக உட்கருவுக்குள் போய் டிஎன்ஏ மேல் உட்காரும். வீக்கம், வலி, காய்ச்சலுக்கான ஜீன்களெல்லாம் வேலையைத் தொடங்கும்.

அணைக்க முடியாது என்று சொன்ன யூடியூப்காரர் விட்டுவிட்ட சங்கதி இனிமேல்தான். என்எஃப்-கப்பா-பி ஆன் பண்ணும் ஜீன்களில் ஐ-கப்பா-பியின் ஜீனும் ஒன்று. அதாவது தன்னைக் கட்டிப்போடும் ஆளையும் அதுவே வரவழைத்துக்கொள்கிறது. வழக்கமாகக் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். முடக்குவாதத்தில் மூட்டுச் சவ்வு டிஎன்எஃப்பைச் சுரந்துகொண்டே இருப்பதால் அழைப்புமணி நிற்பதில்லை, அவ்வளவுதான். ஜீன் கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. ஸ்டீராய்டு சுகம் தருவதும் இதே உட்கருவுக்குள் புகுந்து இந்த வேலையை அடக்குவதால்தான். சுகம் நிஜம், விலையும் நிஜம்.

பிள்ளைகளுக்கு வருமா என்பதுதான் உங்கள் உண்மையான பயம். ஒரே ஜீன்களோடு பிறக்கும் ஒத்த உருவ இரட்டையரில் ஒருவருக்கு முடக்குவாதம் இருந்தாலும் மற்றவருக்கு வருவது நூற்றில் 15 பேர் அளவுக்குத்தான். உங்கள் ஜீனில் பாதியை மட்டும் வாங்கிய பிள்ளைக்கு அதைவிடக் குறைவு. ஜீன் டெஸ்ட்டுக்குப் போகும் காசில் ஆன்டி-சிசிபி ரத்தப் பரிசோதனை எடுங்கள், முடக்குவாதமா என்று கண்டறிய அது உதவும். வீட்டில் யாராவது பீடி பிடித்தால் அதை நிறுத்தச் சொல்லுங்கள். புகைக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு உறுதியானது.

இரண்டு கையிலும் வீக்கம், காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு, ஆறு வாரம் தாண்டிவிட்டது. இது முடக்குவாதமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்டீராய்டு வீக்கத்தை மறைத்திருக்கும் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அம்மாவின் விரல் கோணியது பரம்பரையால் அல்ல. சிகிச்சை இல்லாமலோ தாமதமாகவோ போனதால் இருக்கும். மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்தை ஆரம்பத்திலேயே தொடங்கினால் பெரும்பாலானோர் கை நேராகவே இருக்கும். அது வாரத்துக்கு ஒரே நாள் போடும் மாத்திரை. தினமும் போட்டால் விஷம். இன்னொரு குழந்தை எண்ணம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மஞ்சளின் குர்குமின் ஆய்வுக்கூடத் தட்டில் என்எஃப்-கப்பா-பியை அடக்கும், உண்மைதான். வயிற்றுக்குள் போனால் ரத்தத்தில் சேர்வது சொற்பம். சேரட்டும் என்று மிளகுச் சத்து கலந்து விற்கும் கேப்சூல்களால் கல்லீரல் கெட்டவர்கள் உண்டு. இஎஸ்ஆர் 28 லேசான ஏற்றம்தான், ரத்தசோகையிலும் ஏறும். முடி கொட்டுவதும் அதனால் இருக்கலாம், ஹீமோகுளோபின் பாருங்கள். மரச்சீனி பாவம், அது என்ன செய்தது? சாளையை நிறுத்தியது சுத்த அநியாயம். அழற்சிக்கு நல்லது என்று ஊரார் காசு கொடுத்து வாங்கும் ஒமேகா-3 கொழுப்பு அதில்தான் இருக்கிறது. குழம்பு வையுங்கள், மஞ்சளும் அதில் போய்ச் சேர்ந்துவிடும்.