கான்கிரீட் மிக்சர் ஏன் இவ்வளவு மெதுவாகச் சுற்றுகிறது? சாந்துக்கு ஏன் வேறு இயந்திரம்?

கான்கிரீட் மிக்சரில் சுற்றுவது டிரம்தான். உட்சுவரில் பற்றவைத்த தகடுகள் கலவையை அள்ளி மேலே தூக்கும்; உச்சிக்குக் கொஞ்சம் முன்பே அது வழுக்கிக் கீழே விழும். கலப்பது அந்த விழுகைதான், சுற்று அல்ல.

தண்ணீர் வாளியைக் கையில் பிடித்து வேகமாகச் சுழற்றிப் பாருங்கள், தலைகீழானாலும் ஒரு சொட்டுச் சிந்தாது. டிரம்மிலும் அதே கதை. 1 மீட்டர் உள்விட்டமுள்ள டிரம் நிமிடத்துக்குச் சுமார் 42 சுற்றைத் தொட்டால் கலவை சுவரோடு ஒட்டியபடி சும்மா சுற்றிவரும். அதனால்தான் வேகத்தை ஏறக்குறைய பாதியிலேயே நிறுத்துகிறார்கள்.

சாந்தில் ஜல்லி கிடையாது. விழும்போது உருண்டைகளை உடைக்கவும், சுவரில் ஒட்டியதைச் சுரண்டவும் கல் இல்லாததால், டிரம்மில் போட்ட சாந்து பந்துபந்தாகத் திரளும். எனவே சாந்து மிக்சரில் தொட்டி அசையாது. நடுத்தண்டில் பூட்டிய துடுப்புகள் சுற்றிப் பிசையும். துடுப்பு நுனியில் உள்ள ரப்பர் தேய்ந்து இடைவெளி விழுந்தால் அடியில் கலக்காத மணல் தங்கும். வாடகை இயந்திரத்தில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கான்கிரீட் டிரம்மில் சிமெண்டை முதலில் கொட்டாதீர்கள், தகட்டு மூலையில் அப்பிக்கொள்ளும். கொஞ்சம் தண்ணீர், பாதி ஜல்லி, பிறகு மற்றவை.

கூடுதல் நேரம் ஓடவிட்டால் கான்கிரீட்டின் வலு கூடிக்கொண்டே போகும் என்பது தவறு: எல்லாம் சேர்ந்தபின் 2 நிமிடம் போதும், நெடுநேரம் ஓடவிட்டால் கலவை இறுகும், இளக்க ஊற்றும் தண்ணீர்தான் வலுவைக் குறைக்கும்.